கையெழுத்துப் போட்டவர்கள்: பாலியல் குற்றவாளியும் பக்கத்து வீடும்

1

மூன்று வருஷங்களுக்கு முன் எங்கள் தெருக்காரர்களுக்காக ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். தெருக்கோடியில் ஒரு வீட்டின் பின்கட்டில் வயதான அம்மா ஒருவரும் அவருடைய மகனும் வாடகைக்கு வந்திருந்தார்கள். மகனுக்கு நாற்பது வயதிருக்கும். போக்சோ சட்டத்தின் கீழ் தண்டனை பெற்று ஏழு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர் என்பது இரண்டாவது வாரமே தெரிந்துபோயிற்று. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். தெருவுக்கு இதெல்லாம் தெரிந்துவிடும். "நீங்கதான் எழுதறவராச்சே, நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றார்கள். வீட்டுக்காரருக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒரு நகல். மரண தண்டனை கூடாது என்று கூட்டங்களில் பேசுகிறவன், சிறைவாசிகளின் உரிமை பற்றி இதுமாதிரிப் பத்திரிகைகளில் எழுதியவன், பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தேன். எனக்கும் பெண் இருக்கிறாள். 62 பேர் கையெழுத்துப் போட்டார்கள். நாலாம் நாள் அம்மாவும் மகனும் காலி செய்துகொண்டு போனார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

மனுவை வீடு வீடாகக் கொண்டுபோனது என்னிடம் ப்ளஸ் டூவுக்கு ட்யூஷன் படித்த ஒரு பெண். சில மாதங்கள் கழித்து வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "சார், அந்த மனுவுல எங்க வீட்லருந்து மூணு கையெழுத்து இருக்கு, பாத்தீங்களா?" பார்க்கவில்லை என்றேன். "மூணாவது எங்க பெரியப்பா. எனக்குப் பத்து வயசு இருக்கறப்பருந்து... சரி, விடுங்க சார். அவரு போடறப்ப பேனாவ நான்தான் குடுத்தேன்." பிறகு ஒருநாள் இதை எழுதலாமா என்று கேட்டேன். பேர், ஊர் இல்லாமல் எழுதுங்க என்றாள்.

தண்டனை முடிந்து வருகிற ஒரு பாலியல் குற்றவாளி பக்கத்தில் குடிவரும்போது ஒரு சமூகம் என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது, அதனால் குழந்தைகளுக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறதா என்ற கேள்விகள் எனக்கு அப்படித்தான் வந்தன. எங்கள் தெரு ஒரு மனுவால் செய்ததை ஒரு நாடு சட்டமாகவே செய்து பார்த்திருக்கிறது. எனவே அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன்.

2

1994 ஜூலை 29 அன்று நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஹாமில்டன் என்ற ஊரில் மேகன் என்ற 7 வயதுச் சிறுமி பாலியல் வன்முறைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டாள். கொன்றவன் எதிர் வீட்டுக்காரன். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்காக ஏற்கெனவே இரண்டு முறை தண்டனை பெற்றவன். பெற்றோருக்கு அது தெரியாது. 'தெரிந்திருந்தால் என் குழந்தை உயிரோடு இருந்திருப்பாள்' என்கிற பொருளில் அவர்கள் எழுப்பிய குரலுக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. மூன்றே மாதத்தில், அதே வருஷம் அக்டோபரில், நியூ ஜெர்ஸி 'மேகன் சட்ட'த்தை இயற்றியது. 1996 மே மாதம் கிளின்டன் கையெழுத்திட்டு அது மத்தியச் சட்டமாயிற்று.

இந்த ஏற்பாடு மூன்று அடுக்குகளாக வளர்ந்தது. முதலாவது, பதிவேடு. தண்டனை முடிந்து வெளியே வருகிறவர் தன் முகவரியைக் காவல்துறையிடம் பதிந்துகொள்ள வேண்டும். இது புதிதல்ல, கலிஃபோர்னியாவில் 1947 முதலே உண்டு. எல்லா மாநிலங்களையும் பதிவேடு வைக்கச் சொன்னது 1994இன் மத்தியச் சட்டம். இரண்டாவது, அறிவிப்பு. பதிவேட்டில் இருப்பதை ஊருக்குச் சொல்வது. வாஷிங்டன் மாநிலம் 1990இலேயே இதைத் தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் போலீஸார் வீடு வீடாகச் சொன்னார்கள், ஊர்க்கூட்டம் போட்டார்கள். இன்று புகைப்படமும் விலாசமும் யாரும் கணினியில் பார்க்கும்படி இருக்கின்றன. மூன்றாவது, குடியிருப்புத் தடை. பள்ளிக்கூடம், பூங்கா, குழந்தைகள் காப்பகம் இவற்றிலிருந்து இத்தனை அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்பது. 2006இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் குற்றத்தின் தரத்துக்கேற்பப் பதிவுக்காலத்தை 15 வருஷம், 25 வருஷம், ஆயுள் முழுக்க என்று மூன்றாகப் பிரித்தது. இன்று அந்நாட்டின் பதிவேடுகளில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கு மேலும் ஒரு தண்டனையா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2003இல் அலாஸ்கா வழக்கில் நீதிபதிகள் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள்: பதிவேடு தண்டனையல்ல, மக்களின் பாதுகாப்புக்கான ஒழுங்குமுறை, ஆகவே சட்டம் வருவதற்கு முன் குற்றம் செய்தவர்களுக்கும் அது பொருந்தும். ஒரு செயலைத் 'தண்டனை' என்று அழைப்பதா, 'ஒழுங்குமுறை' என்று அழைப்பதா என்பதில் எத்தனை பேருடைய வாழ்க்கை மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரிடுகிற அதிகாரம்தான் முதல் அதிகாரம்.

3

இந்தச் சட்டங்களின் அடிமட்டத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஒருமுறை செய்தவன் மறுபடியும் செய்வான். இவ்வகைக் குற்றவாளிகள் மறுபடி குற்றம் செய்யும் விகிதம் அச்சமூட்டுமளவு உயர்ந்தது, சிகிச்சை பெறாதவர்களிடம் அது 80 சதவீதம் வரை போகக்கூடும் என்ற கருத்து 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒரு வழக்கில் இடம்பெற்றது. அலாஸ்கா தீர்ப்பு அந்த அச்சத்தை வழிமொழிந்தது. கீழ்நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லின. அந்த 80 எங்கிருந்து வந்தது என்று 2015இல் இரண்டு ஆய்வாளர்கள் தேடிப்போனார்கள். அது 1986இல் ஒரு ஜனரஞ்சக உளவியல் பத்திரிகையில் வந்த கட்டுரையில் போய் முடிந்தது. அதை எழுதியவர் சிறையில் சிகிச்சைத் திட்டம் நடத்திய ஆலோசகர். அந்த எண்ணுக்கு அங்கே எந்த ஆதாரமும் தரப்படவில்லை.

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு வெளியிட்ட கணக்கு வேறு. 1994இல் 15 மாநிலங்களில் விடுதலையான 9,691 பேரைப் பின்தொடர்ந்ததில், மூன்று வருஷத்துக்குள் மறுபடி பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 5.3 சதவீதம். 2005இல் விடுதலையானவர்களை ஒன்பது வருஷம் பின்தொடர்ந்தபோது 7.7 சதவீதம்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு 'பயப்பட ஒன்றுமில்லை' என்று நான் சொல்ல வரவில்லை. வேறு குற்றங்களுக்காகச் சிறை சென்றவர்களைவிட இவர்கள் பாலியல் குற்றத்துக்காக மறுபடி கைதாகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. தவிர, இவை கைதுக் கணக்குகள். பாலியல் குற்றங்களில் பெரும்பகுதி போலீஸுக்கே போவதில்லை. என் மாணவியின் பெரியப்பா எந்தக் கணக்கில் வருகிறார்?

எந்தக் கணக்கிலும் வரவில்லை. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. 2000இல் வெளிவந்த இன்னொரு அரசு ஆய்வு, போலீஸுக்கு வந்த புகார்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தது. 18 வயதுக்குட்பட்டவர்கள் மீது வன்முறை செய்தவர்களில் குடும்பத்தார் 34 சதவீதம், தெரிந்தவர்கள் 59 சதவீதம், முன்பின் தெரியாதவர்கள் 7 சதவீதம். நம் நாட்டின் தேசியக் குற்றப் பதிவுத் துறையும் வருஷாவருஷம் இதையே சொல்கிறது: வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவர். பதிவேடு தண்டனை பெற்றவனின் விலாசத்தைச் சொல்லும். புகாரே ஆகாதவனின் விலாசம் நம் வீட்டு ரேஷன் அட்டையில் இருக்கிறது.

4

சட்டம் தெருவில் இறங்கியபோது என்ன நடந்தது என்பதற்கு நாலு இடங்கள்.

மயாமி: மாநிலச் சட்டம் 1,000 அடி என்றது. மயாமி டேட் நிர்வாகம் 2005இல் அதை 2,500 அடியாக்கியது. பள்ளிகள் நெருக்கமாக உள்ள ஒரு மாநகரத்தில் வரைபடத்தில் வட்டங்களைப் போட்டுப் பார்த்தால் குடியிருக்க இடமே அநேகமாக மிச்சமில்லை. மிச்சமிருந்தது கடலுக்குக் குறுக்கே போகிற ஜூலியா டட்டில் பாலத்தின் அடிப்பாகம். விடுதலையானவர்கள் அங்கே கூடாரம் போட்டார்கள். சிலருடைய ஓட்டுநர் உரிமத்தில் விலாசமாக அந்தப் பாலமே எழுதப்பட்டது. 2010இல் அப்புறப்படுத்தப்படும்வரை அந்தப் 'பாலத்தடிக் காலனி' இருந்தது. வீடில்லை, வேலையில்லை, குடும்பமில்லை. மறுபடி தவறு செய்யாமல் ஒருவனைப் பிடித்துவைத்திருக்கிற எல்லாக் கயிறுகளையும் அறுத்துவிட்டு அவன் திருந்தினானா என்று பார்க்கிறார்கள்.

மினசோட்டா: விடுதலைக்குப் பிறகு மீண்டும் பாலியல் குற்றம் செய்து சிறை திரும்பிய 224 பேரின் வழக்குகளை அம்மாநிலச் சிறைத்துறை 2007இல் ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. குடியிருப்புத் தடை இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய குற்றம் அதில் ஒன்றுகூட இல்லை என்று முடிவுக்கு வந்தது. பெரும்பாலானவர்கள் பள்ளி வாசலில் காத்திருந்து குழந்தையைப் பிடித்தவர்கள் அல்ல. குழந்தையின் தாயோடு, உறவினரோடு, நண்பர்களோடு பழகி வீட்டுக்குள் வந்தவர்கள்.

மெய்ன்: 2006 ஏப்ரலில் ஓர் இளைஞன் பதிவேட்டில் விலாசங்களைப் பார்த்துக்கொண்டு போய் இருவரைச் சுட்டுக் கொன்றான். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் பதிவேட்டுக்கு வந்தது, பத்தொன்பது வயதில், 16 நிறையச் சில வாரங்களே இருந்த தன் சிநேகிதியோடு உறவு கொண்டதற்காக. பட்டியலில் எல்லோரும் ஒரே நிறம்.

இங்கிலாந்து: 2000 ஜூலையில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை பாலியல் குற்றவாளிகளின் பேரையும் படத்தையும் வெளியிடத் தொடங்கியது. ஆகஸ்டில் போர்ட்ஸ்மத் நகரின் பால்ஸ்குரோவ் குடியிருப்பில் ஒரு வாரம் கலவரம். வீடுகள் தாக்கப்பட்டன, கார்கள் எரிந்தன, குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. அதே மாதம் வேல்ஸில் குழந்தைகள் மருத்துவராக இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக் கதவில் 'பீடோ' என்று பெயிண்டில் எழுதிவைத்தார்கள். குழந்தை மருத்துவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் பாதியும் அந்த வசைச்சொல்லும் ஒன்றுபோல இருந்ததுதான் காரணம்.

பால்ஸ்குரோவ் மக்களைப் படிப்பறிவில்லாத கும்பல் என்று எள்ளி நகையாடுவது சுலபம். மேட்டுக்குடிப் பத்திரிகைகள் அன்று அதைத்தான் செய்தன. ஆனால் யாருக்கும் சொல்லாமல் இத்தகையவர்களை அரசு கொண்டுவந்து குடிவைப்பது ஏன் எப்போதும் ஏழைகளின் குடியிருப்புகளாகவே இருக்கிறது என்று அந்தத் தாய்மார்கள் கேட்டது நியாயமான கேள்வி. அவர்கள் பயம் பொய்யல்ல. பயத்துக்குக் காட்டப்பட்ட இலக்குதான் பொய்.

5

ஏன் இந்த இலக்கு இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது?

நவீனத் தண்டனை முறை செயலைத் தண்டிப்பதோடு நிற்பதில்லை, செயலுக்குப் பின்னால் 'குற்றவாளி' என்கிற ஒரு ஆளுமையை உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோ சொன்னதை நம் வட்டாரங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். திருடியவன் திருட்டை நிறுத்தினால் முன்னாள் திருடன். பாலியல் குற்றவாளிக்கு அந்த 'முன்னாள்' கிடையாது. அவன் செய்ததை வைத்து அவன் யார் என்பது நிரந்தரமாக முடிவாகிவிடுகிறது. பதிவேடு அந்த முடிவின் எழுத்து வடிவம்.

ஆனால் ஃபூக்கோவோடு நின்றுவிட்டால் பெண்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கவும் வேண்டும். அரசு ஒருவனை 'அரக்க'னாகக் கட்டமைக்கிறது என்பது பாதிதான் விஷயம். அந்த அரக்கன் யாருக்குத் தேவைப்படுகிறான் என்பது மீதிப் பாதி. குடும்பத்துக்குத் தேவைப்படுகிறான். அபாயம் தெருக்கோடியில் குடிவந்திருக்கிறது என்றால் அபாயம் கூடத்தில் இல்லை என்று ஆகிறது. வெளியே ஓர் அந்நியனை நிறுத்தியதும் உள்ளே இருக்கிற பெரியப்பா, மாமா, வாத்தியார், பூசாரி, பாதிரியார் எல்லோரும் ஒரே வீச்சில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். எங்கள் மனு செய்தது அதைத்தான். 62 கையெழுத்தும் 'நான் அவன் இல்லை' என்பதற்கான சான்றிதழ்கள். அந்தச் சான்றிதழை அந்தப் பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? ஊர் முழுக்கச் சேர்ந்து ஒருவனைத் துரத்தியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். வாயைத் திறந்தால் பெரியப்பாவுக்கும் அதுதான் நடக்கும், வீடே நாறும், பாட்டி தாங்கமாட்டாள், தங்கச்சிக்கு வரன் வராது. நம்முடைய கடுமை குற்றவாளியை மிரட்டுகிறதோ இல்லையோ, குழந்தையை வாயடைக்க வைக்கிறது. குற்றம் செய்தவன் வேண்டியவனாக இருந்தால், தண்டனை பெரிதாகப் பெரிதாகப் புகார் கொடுப்பது கஷ்டமாகிறது.

6

நம் ஊரில் பதிவேடு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தை 2018 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் தொடங்கியது. தொடங்கும்போதே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆனால் புலன்விசாரணை அமைப்புகள் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். 'ஊருக்குக் காட்டு, தெருவில் படத்தை ஒட்டு' என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. முற்போக்கான நண்பர்கள் வாயிலிருந்தும் வருகிறது. அவர்களுக்கு இரண்டு விஷயங்களை ஞாபகப்படுத்த வேண்டும்.

ஒன்று, 2022 ஆகஸ்ட் 15. 2002 குஜராத் படுகொலைகளின்போது பில்கிஸ் பானுவைக் கூட்டு வல்லுறவு செய்து, அவருடைய மூன்று வயது மகள் உட்படக் குடும்பத்தாரைக் கொன்றதற்காக 2008இல் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரைக் குஜராத் அரசு விடுவித்தது. அவர்களை இனிப்புக் கொடுத்து, மாலை போட்டு வரவேற்றார்கள். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அவர்களை மறுபடி சிறைக்கு அனுப்பியது. தண்டிக்கப்பட்ட பாலியல் குற்றவாளிகள் ஊர் திரும்பியபோது சமூகம் காட்டிய எதிர்வினை இது: பயமில்லை, மனு இல்லை, மாலை. வந்தவர்கள் 'நம்மவர்கள்', பாதிக்கப்பட்டவர் 'மற்றவர்'.

இரண்டு, வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பரில் தீர்ப்பு வரும்போது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று, அதில் 17 பேர் வல்லுறவுக்காக. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இத்தனை வருஷமும் இவர்கள் எங்கோ குடியிருந்தார்கள்தானே? அரசுக் குடியிருப்பில், சொந்த வீட்டில், நம்மைப் போன்றவர்களின் தெருவில். 'எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை, இவரைக் காலி செய்யச் சொல்லுங்கள்' என்று எந்தத் தெருவாவது மனுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே தெரு எதிர்வினை செய்வது குற்றத்துக்கு அல்ல. குற்றம் செய்தவன் யார், எந்தச் சாதி, எந்த மதம், வாடகைக்கு வந்தவனா, சொந்த வீட்டுக்காரனா, பின்னால் நாலு பேர் நிற்கிறார்களா என்பதற்குத்தான். படத்தைத் தெருவில் ஒட்டுகிற அதிகாரத்தை இப்படிப்பட்ட தெருவின் கையில் கொடுத்தால் யாருடைய படம் ஒட்டப்படும், யாருடைய படம் கிழிக்கப்படும் என்று ஊகிக்கப் பெரிய கோட்பாடெல்லாம் வேண்டாம்.

7

சரி, என்னதான் செய்வது? குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் விமர்சனத்தோடு நிறுத்திக்கொள்வது அயோக்கியத்தனம்.

மேகன் கொல்லப்பட்ட அதே 1994இல், கனடாவில் இன்னொரு ஹாமில்டன் நகரத்தில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்காகச் சிறை சென்ற ஒருவர் விடுதலையானார். மறுபடி செய்யும் அபாயம் மிகுந்தவர் என்று அதிகாரிகள் கருதினார்கள். ஊர் கொதித்தது. ஒரு சிறிய மெனோனைட் தேவாலயத்தின் போதகரும் சபையில் சிலரும் அவரைச் சுற்றி ஒரு வட்டமாக நின்றார்கள். தினமும் யாராவது ஒருவர் அவரைப் பார்ப்பார். வேலை தேட உதவுவார்கள். கூடவே எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். ஆதரவும் கணக்குக் கேட்பதும் ஒரே கையால். அவர் சாகும்வரை மறுபடி அந்தக் குற்றத்தைச் செய்ததாகப் பதிவில்லை. பிறகு இந்த முறை கனடாவிலும் இங்கிலாந்திலும் பரவியது. வட்டத்தில் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட கனடிய ஆய்வுகளில், இருந்தவர்கள் மறுபடி பாலியல் குற்றம் செய்தது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆய்வுகள் சிறியவை, மந்திரக்கோல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் விளங்குகிறது: துரத்தப்பட்டவனை யாரும் கண்காணிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவனைத்தான் முடியும்.

இங்கிலாந்தும் பால்ஸ்குரோவிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டது. 2008இல் சோதனையாகத் தொடங்கி 2011இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க வந்த ஏற்பாட்டில், ஒரு பெற்றோர் தன் குழந்தையோடு பழகுகிற குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிக் காவல்துறையிடம் கேட்கலாம். அபாயம் இருந்தால் அந்தப் பெற்றோருக்கு மட்டும் சொல்வார்கள். ஊர் முழுக்க அல்ல. பட்டியலைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பதிலாக, வீட்டுக்குள் வந்து போகிறவனைப் பற்றிக் கேட்க அது வழி செய்கிறது. கேள்வி சரியான திசையில் திரும்பியிருக்கிறது.

பதிவேடு கொண்டுவந்த 1994இன் மத்தியச் சட்டம் ஜேக்கப் என்ற சிறுவனின் பேரில் அமைந்தது. 1989இல் 11 வயதில் கடத்தப்பட்டவன். அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர் அவனுடைய தாய் பேட்டி வெட்டர்லிங். 2016இல்தான் கொலையாளி ஒப்புக்கொண்டு உடல் கிடைத்தது. பக்கத்து ஊர்க்காரன், கடத்தல் நடந்தபோது அவன் பேரில் பாலியல் குற்றத் தண்டனை எதுவும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இருந்திருக்க முடியாது. அந்தத் தாய் இதற்கு வெகுமுன்பே, சட்டங்கள் அளவு மீறிப் போய்விட்டன, சிறுவர்களைக்கூடப் பட்டியலில் ஏற்றுகிறோம் என்று வெளிப்படையாகப் பேசத் தொடங்கிவிட்டார். மகனை இழந்தவருக்கு அந்த நேர்மை இருந்தது. பத்து நிமிஷத்தில் மனு எழுதிய எனக்கு இல்லை.

8

என் மாணவி இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். புகார் கொடுக்க வேண்டுமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுத்தால் கூட வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். போன முறை வந்தபோது, "நீங்க அந்த ஆள வெரட்டாம இருந்திருந்தா நான் எங்க அம்மாகிட்ட சொல்லியிருப்பேனோ என்னவோ, தெரியல சார்" என்றாள். குற்றம் சாட்டுகிற தொனியில் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே சொன்னாள்.

எங்கள் தெருவில் இப்போது நாலைந்து பெண்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். தொடக் கூடாத இடம், சொல்ல வேண்டிய ஆள், 1098 என்கிற நம்பர். முதல் கூட்டத்திலேயே ஒருவர் வாசலில் நின்று சத்தம் போட்டார்: "சொந்த வீட்டு மனுஷங்களையே சந்தேகப்படச் சொல்லிக் குடுக்கறீங்களா?" ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு மனுவில் கையெழுத்துப் போட்ட 62 பேரில், இதற்குப் பிள்ளைகளை அனுப்புகிற வீடுகள் இதுவரை ஒன்பது.